ஜோடிக் கப்பில் ஒன்று

கை விரல்களில் எலுமிச்சை உப்பின் வாடை இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிவிட்டேன். நகக்கண்ணில் வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊர் போர் தண்ணீரைக் காய்ச்சும் எந்தச் சாமானுக்குள்ளும் படிகிற உப்புதான் அது. ஆனால் இது உன் காபி மெஷினின் வயிற்றிலிருந்து வந்தது. மூன்று நாளாக அதைத்தான் கரைத்தும் சுரண்டியும் எடுத்துக்கொண்டிருந்தேன். இன்று மதியம் உன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கடிதம் எழுதிப் பழகியவன் இல்லை நான். என் நோட்டில் இதுவரை எழுதியதெல்லாம் எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, என்ன கனத்துக் கம்பி என்ற குறிப்புகள் மட்டும்தான். நீ உயிரோடு இருந்தபோது வாயால் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது பேனாவால் எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

வல்லத்துக்குப் பக்கத்தில் உன் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பூ விட்டு நின்ற சமயம் கேணி மோட்டார் எரிந்துபோனது. பெரிய மெக்கானிக்குகள் இரண்டு பேர் பார்த்துக் கைவிட்டுவிட்டார்கள். திண்டிவனத்திலிருந்து சைக்கிள் மிதித்து நான் வந்தேன். உனக்கும் எனக்கும் அப்போது மீசை ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் யாரும் கிடையாது. எரிந்த மோட்டாரைப் பிரித்து, பிரித்த வரிசையிலேயே திரும்பச் சுற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். ஒரு பகலும் மறுநாள் பாதியும் உட்கார்ந்து, செம்புக் கம்பியைக் காயில் காயிலாகச் சுற்றி மாட்டினேன். தண்ணீர் வந்து விழுந்தது. நீ வாய்க்காலில் குதித்து ஆடினாய்.

உன் அம்மா காபி கொண்டுவந்தார்கள். உனக்குச் சில்வர் டம்ளரில் கொடுத்தார்கள். பிறகு மோட்டார் கொட்டகையின் கூரையில் செருகியிருந்த ஓர் அலுமினிய டம்ளரை உருவி, தண்ணீரில் அலசி, என் முன்னால் தரையில் வைத்து, எட்ட நின்று உயரத்திலிருந்து ஊற்றினார்கள். எங்கள் காலனி ஆட்களுக்கென்று செருகி வைத்திருந்த டம்ளர் அது. நான் அதை எடுத்து அப்படியே வாய்க்காலில் கவிழ்த்தேன்.

"இன்னாய்யா, நல்ல காபிய ஊத்திட்ட?" என்றாய் நீ. உண்மையிலேயே உனக்குப் புரியவில்லை.

"இந்தக் கை சுத்துன காயில்லதான் உன் நெலத்துக்குத் தண்ணி போய்க்கினு கீது. நீ குடிக்கிற மாதிரி சாமான்ல, உன் கையால நீயே போட்டுக் குடு. அன்னிக்குக் குடிக்கிறேன். அதுவரைக்கும் உன் வூட்டுத் தண்ணிகூட எனக்கு வேணாம்."

உன் அம்மா "திமிரப் பாரு" என்றார்கள். ஆனால் நீ அடுத்த வாரம் என் பட்டறைக்கு வந்து, எதிர்க் கடையில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு, என் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து குடித்தாய். அதிலிருந்து நாற்பது வருஷத்துக்கு மேல் நம் பழக்கம்.

என் மகள் கல்யாணத்தில் எங்கள் தெருவில் வரிசையில் உட்கார்ந்து இரண்டு முறை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். உன் வீட்டுக்கு நான் எத்தனையோ முறை வந்தேன். ஒயரிங் மாற்றினேன், பம்பு மாட்டினேன், உன் மகன் பிறந்தபோது வந்து பார்த்தேன். ஒருமுறைகூட வாய் நனைத்ததில்லை. குடிக்கத் தண்ணீரும் பையில் கொண்டுவருவேன். உன் அம்மா போன பிறகும் அப்படித்தான். உன் வீட்டுக்காரம்மா ஒருநாள் வாசலில் மறித்துக்கொண்டு கேட்டார்கள்.

"அண்ணே, அவங்க பண்ணதுக்கு நான் இன்னாண்ணே பண்ணுவேன்? நான் குடுத்தாகூடவா குடிக்க மாட்ட?"

"உன் புருஷன அடுப்பாண்ட அனுப்பும்மா. நான் குடிக்கிறேன்."

"அவரு அடுப்பாண்ட வந்தா வூடு பத்திக்கும்ணே!"

நீ உள்ளேயிருந்து சிரித்தாய். நமக்குள் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. "இன்னாய்யா, காபி போடக் கத்துக்கினியா?" என்பேன். "அடுப்பு எந்தப் பக்கம் கீதுன்னு தெரிஞ்சதும் சொல்றேன்" என்பாய். விளையாட்டாகப் பேசினாலும் நான் இறங்கி வரவில்லை. உன் வீட்டுக்காரம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் கையால் ஒரு வாய் வாங்கிக் குடித்திருக்கலாம். அதை நினைத்தால் இப்போதும் தலை குனிகிறது. ஆனால் நான் வைத்த நிபந்தனை தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். கூரையில் செருகிய டம்ளரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. என் வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திண்டிவனத்தில் மகன் வீட்டோடு வந்து இருந்தாய். போன வருஷம் ஒருநாள் போன் செய்தாய். "மெக்கானிக்கு, ஜல்தியா கெளம்பு. விழுப்புரம் போலாம். வூட்டுக்குக் காபி மெஷின் வாங்கணும். நீதான் பாத்து எடுக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதே சமயம் பெருமையாகவும் இருந்தது. இரண்டு நாள் போனில் தேடித் தேடிப் படித்தேன். எந்த மெஷின் எவ்வளவு அழுத்தம் கொடுக்கும், எது சீக்கிரம் சூடாகும், எதில் பால் நுரைக்கக் குழாய் உண்டு என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். இங்கிலீஷையே மோட்டார் மேனுவல் படித்துக் கற்றுக்கொண்டவன் நான். ஒரு காபி மெஷின் எனக்குப் பெரிய விஷயமா?

கடையில் மூன்று மெஷின் வைத்திருந்தார்கள். ஒன்றில் தூளைக் கைப்பிடிக் கரண்டியில் நிரப்பி, அழுத்தி, மெஷினில் திருகி மாட்ட வேண்டும். அதுதான் சரியான எஸ்பிரஸ்ஸோ மெஷின் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். எந்தக் கடைத் தூளையும் அதில் போடலாம். நீ அந்தக் கைப்பிடியை இடது கையால் பிடித்துத் திருகிப் பார்த்தாய். அது நகரவில்லை. வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது. கடைக்குள் நுழைந்ததிலிருந்து அது வெளியே வரவேயில்லை.

"ரெண்டு கையாலயும் புடிச்சித் திருப்புய்யா. ஜமீன்தார் மாதிரி நிக்கிற" என்றேன்.

நீ கைப்பிடியை விட்டுவிட்டு மூலையில் இருந்த சின்ன மெஷினிடம் போனாய். கேப்சூல் மெஷின். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் குப்பிக்குள் தூளை அடைத்து விற்கிறார்கள். அதை உள்ளே போட்டுப் பட்டனை அழுத்தினால் ஒரு கப்பு வரும். கடையிலிருந்த பெண் விளக்கிச் சொன்னாள். நீ கேட்ட கேள்விகள் எனக்கு வேடிக்கையாக இருந்தன.

"பட்டன் இம்மாம் பெருசா இருக்குமா? லேசா தொட்டாப் போதுமா? கப்பத் தாங்கிப் புடிக்கணுமா, அதுவா நிக்குமா?"

"அதுவே நிக்கும் சார். ஆனா ஒரு தடவைக்கு ஒரு கப்புதான் வரும். வீட்ல நெறைய பேர்னா இது சரிப்படாது."

"ஒரு கப்புதாம்மா வேணும்" என்றாய்.

நான் விடவில்லை. "யோவ், கேப்சூல் தீந்துபோனா ஆன்லைன்ல போட்டுட்டு வாசலப் பாத்துக்கினு ஒக்காரணும். ஒரு கம்பெனி குப்பி இல்லாட்டி ஓடாததெல்லாம் ஒரு மெஷினா? நம்ம தண்ணிக்கு உப்பு வேற புடிக்கும். அப்பறம் ஒரே பேஜாரு. என்னை எதுக்கு இட்டுக்கினு வந்த?"

"எல்லாம் நீ சொல்றது சரிதான்யா. இது இருக்கட்டும்."

அந்தப் பெண் எதிரில் என் பேச்சை நீ தட்டியது எனக்குச் சுருக்கென்று இருந்தது. என் நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் மெஷின் பெட்டியை என் மடியில் வைத்தாய். இன்னொரு சின்ன அட்டைப் பெட்டி இருந்தது. அதை வாங்கக் கை நீட்டினேன். "அது என்கிட்டயே இருக்கட்டும்" என்று அணைத்துக்கொண்டாய். அதில் என்ன என்று நான் கேட்கவில்லை. கோபத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாய். "வாய்யா. இன்னிக்கு நான் போடறேன், நீ குடிக்கிற."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் இருந்த புதுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். தண்ணீர் பாட்டில் கொண்டுவரவில்லை. என் வீட்டுக்காரி "எங்க, மாப்பிள அழைப்பா?" என்று கிண்டல் செய்தாள்.

கூடத்தில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தேன். சமையலறையில் மெஷின் உறுமியது. உன் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து உன் மருமகள் வந்தாள். சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்து உன் ஸ்டூல் மேல் வைத்து, "இது மாமாவுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒரே ஒரு டம்ளர். பிறகு நீ வந்தாய். பீங்கான் கப்பு, கீழே ஒரு சாசர். சாசரில் பாதிக் காபி சிந்திக் கிடந்தது.

நான் டம்ளரைப் பார்த்தேன். கப்பைப் பார்த்தேன். என் கண்ணுக்கு மோட்டார் கொட்டகைதான் தெரிந்தது. சிந்திய காபிகூட, எனக்குத்தானே என்ற அலட்சியமாகப் பட்டது.

"உனக்குச் சில்வர். எனக்குப் பீங்கானு. அப்படித்தானே?"

"யோவ், இரு. சொல்றதக் கேளு. அந்தக் கப்பு..."

"அன்னிக்குக் கூரையில செருகி வச்சிருந்தீங்க. இன்னிக்குக் கடையில வாங்கி வச்சிருக்கீங்க. கரண்டு வந்தாலும் மெஷின் வந்தாலும் உங்க வூட்டுல டம்ளரு ரெண்டுதான். ஒரு கப்பு போதும்னு கடையிலயே சொன்னியே, எனக்குத்தான் ஒறைக்கல."

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். நீ வாசல் வரை வந்தாய். கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாய். தடுக்க ஒரு கையை எடுத்து நீட்டக்கூட உனக்கு மனம் இல்லை என்று நினைத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

நான்கு முறை போன் செய்தாய். நான்கு முறையும் கட் செய்தேன்.

அதற்கப்புறம் உன்னைப் பார்த்தது மேம்பாலத்துக்குக் கீழே ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில். படத்தில் உனக்குக் கண்ணாடி இல்லை, வயசும் குறைவு. காலையில் நெஞ்சு வலி என்றார்கள். உன் தெரு முனை வரைக்கும் வந்தேன். பறைச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தால் யாராவது குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள், வாங்குவதா வேண்டாமா என்று அப்போதும் யோசித்தேன். நீ கிடந்த வீட்டின் தெரு முனையில் நின்றுகொண்டு இதை யோசித்தேன். அப்படியே திரும்பிவிட்டேன்.

நாலு நாளைக்கு முன்னால் உன் மருமகள் ஸ்கூட்டியில் வந்து மெஷினை என் மேஜை மேல் வைத்தாள். உன் மகனைப் பார்த்து அவளும் என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். "மாமா வாங்குனது பெரியப்பா. தண்ணி வர மாட்டேங்குது. தூக்கிப் போட மனசு வரல" என்றாள். அவள் போனதும், "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று மெஷினிடம் சொன்னேன்.

பிரித்தேன். தண்ணீர் சூடாகும் பாத்திரத்துக்குள் உப்பு ஓடு ஓடாகப் பிடித்திருந்தது. குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கணக்கு உதைத்தது. ஒருவர் தினம் இரண்டு கப்பு குடித்தால் இத்தனை கனம் சேரப் பல வருஷம் ஆகும். மெஷின் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதோடு, குப்பி உட்காரும் இடமும் அதைக் குத்தும் ஊசியும் புதுசு போல் இருந்தன. கொஞ்சம்தான் காபிக் கறை. இந்த மெஷினில் காபி ஓடவில்லை. வெறும் தண்ணீர் ஓடியிருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது, முப்பது தடவை.

உன் மருமகளுக்குப் போன் போட்டேன். "யம்மா, இதுல வெறுந்தண்ணிய ஊத்தி ஊத்தி இன்னா பண்ணீங்க?"



"மாமாதான் பெரியப்பா. கேப்சூல் போடாம வெறும் சுடுதண்ணி புடிப்பாரு. கப்பத் தூக்கிக்கினு சமையலறையில இருந்து கூடத்து நாற்காலி வரைக்கும் நடப்பாரு. சிந்திப் போவும். திரும்பப் போயி புடிப்பாரு. தெனம் காலையில இதே வேலைதான். கை நடுக்கம் இருந்துச்சி இல்ல, ஒன்றரை வருஷமா."

"எனக்குத் தெரியாதே!"

"உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னாரு. 'அவனுக்குத் தெரிஞ்சா என்னைப் பாத்துப் பாவப்பட்டுக் குடிச்சிடுவான். அது வேணாம்'னாரு."

போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். சட்டைப் பைக்குள் இருந்த கை நினைவுக்கு வந்தது. நகராத கைப்பிடி, பெரிய பட்டன், அதுவாக நிற்கும் கப்பு, எல்லாம் வரிசையாக வந்தன. எரிந்த மோட்டாரை மோந்து பார்த்தே எந்தக் காயில் போயிருக்கிறது என்று சொல்லுகிறவன் நான். பக்கத்தில் நின்ற மனுஷனின் கையைப் பார்க்கவில்லை.

"அப்ப அந்தக் கப்பு?" என்று கேட்டேன்.

"அது ஜோடிக் கப்பு பெரியப்பா. உங்களுக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு, ரெண்டும் ஒரே மாதிரி வேணும்னு மெஷின் வாங்கும்போதே வாங்கினாராம். நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒண்ணக் கீழ விட்டுட்டாரு. ஒடஞ்சி போச்சின்னு எனக்குத் தெரியும், ஆனா அதுல இம்மாம் விஷயம் கீதுன்னு தெரியாது. அவருக்குக் குடிக்க ஒண்ணும் இல்லியேன்னு நான் எப்பவும் குடுக்கற டம்ளர்ல கொண்டாந்து வச்சேன். நான் வச்சதுதான் பெரியப்பா தப்பாயிடுச்சி."

"உம்மேல தப்பு இல்லம்மா" என்றேன்.

"நீங்க போனப்பறமும் விடல அவரு. அதே மாதிரி கப்பு கெடைக்குமான்னு விழுப்புரம் போய்ப் பாத்தாரு. கெடைக்கல. ஒடஞ்சதையே ஒக்காந்து ஒட்டுனாரு. போறதுக்கு மொத நாள்கூட தண்ணி புடிச்சி நடந்தாரு."

இன்று மதியம் மெஷினை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். நான் சரியாக நிமிர்ந்து பார்க்கவில்லை. மெஷினை இருந்த இடத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டினேன். உன் மருமகள் அலமாரியிலிருந்து இரண்டு கப்புகளையும் எடுத்து வைத்தாள். ஒட்டிய கப்பில் கீறல் முழுக்கப் பசை வழிந்து காய்ந்திருந்தது. பசையில் உன் விரல் ரேகை பதிந்திருந்தது, ஒரே இடத்தில் நாலைந்து முறை.

"ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க பெரியப்பா" என்றாள். பயந்து பயந்துதான் சொன்னாள். பிறகு, "நீங்களே போட்டுக்கினாக்கூட சரி" என்றாள்.

இருந்த குப்பிகளில் ஒன்றைப் போட்டேன். நல்ல கப்பை வைத்துப் பட்டனைத் தொட்டேன். லேசாகத் தொட்டால் போதுமாகத்தான் இருந்தது. சாசரில் கப்பை வைத்துத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தேன். சமையலறை மேடையிலிருந்து அந்த ஜன்னலோர நாற்காலிக்குப் பதினான்கு அடி. நடுவில் ஒரு வாசற்படி, ஒரு திருப்பம். எனக்கு நடுக்க வியாதி ஒன்றும் கிடையாது. இந்த வயசிலும் மயிரிழைக் கம்பி சுற்றுகிற கை இது. அந்தத் திருப்பத்தில் காபி சிந்திவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். உன் கையால் போட்டதில்லை இது. அதனால் என் நிபந்தனை நிறைவேறவில்லை, இனி நிறைவேறவும் போவதில்லை. நீ அதை நிறைவேற்றி, எடுத்துக்கொண்டும் வந்தாய். வாங்காமல் போனவன் நான்.

கப்பில் இருந்ததைக் குடித்தேன். நான் அன்றே சொன்ன மாதிரி காபி ஒன்றும் அத்தனை நன்றாக இல்லை. பிறகு சாசரைத் தூக்கி, அதில் சிந்திக் கிடந்ததையும் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

கிளம்பும்போது ஒட்டிய கப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். என் மேஜை மேல் இருக்கிறது. இதை எழுதும்போது அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தேன், தாங்குகிறதா என்று பார்க்க. நாலு வரி எழுதுவதற்குள் அடியில் ஈரம் வட்டமாகப் பரவிவிட்டது. என்னிடம் நல்ல பசை இருக்கிறது, அது இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். ஆனால் அதற்கு உன் ரேகையைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒழுகட்டும் என்று விட்டுவிட்டேன்.